நீலக் காரின் அலைவரிசை

"அப்பா, இன்னும் எத்தனை சுத்து பாக்கி?"

காருக்குள்ளிருந்து கோல்பி மூன்றாவது முறையாக இதைக் கேட்டபோது, கேலரியில் அவன் தங்கை டெஸ்ஸா பாதி தின்ற போலோனி சாண்ட்விச்சை மடியிலேயே போட்டுவிட்டு ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாப்பத்தெட்டுடா. இப்பத்தானே சொன்னேன்? நான் என்ன உன் கணக்கு வாத்தியாரா?" அப்பா ஹார்லனின் குரலில் சிரிப்பு இருந்தது. மகன் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த அப்பனுக்கும் எல்லாமே சிரிப்பாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை மழையில் நின்றுபோன பந்தயம், ஞாயிறு மதியம் நடந்துகொண்டிருந்தது. சர்ச்சுக்குப் போன சட்டையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள் பாதிப் பேர். வருஷத்தின் கடைசிப் பந்தயம். கோல்பியின் ஆரஞ்சு நிற நாற்பத்தேழாம் எண் கார் முன்னால். ராட்னி பெல்ச்சரின் நீல நிற ஒன்பதாம் எண் கார் அவன் பின்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு. இரண்டு பேரில் யார் முன்னால் முடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வருஷக் கோப்பை. மலைக்குக் கீழே கிண்ணம் மாதிரி இருக்கும் அந்த ஓடுபாதையில் இருபது கார்களின் சத்தம் சுற்றிச் சுற்றி நெஞ்சுக்குள் வந்து இடிக்கும். அதற்குள்ளே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று வெறும் காதால் கேட்க முடியாது. அதற்குத்தான் ஸ்கேனர், கார்களின் ரேடியோப் பேச்சைப் பிடித்துக் காதில் போடும் சின்னப் பெட்டி.

பதினாலாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்தது. பழையது, மூலையில் டேப் சுற்றியது. ஒவ்வொரு காரின் அலைவரிசையையும் டெஸ்ஸாவே அதில் ஏற்றி வைத்திருந்தாள். காருக்குள் இருப்பவனுக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, கேலரிக்கு மேலே இருக்கும் மேடையில் நின்று "உள்பக்கம் ஒருத்தன்... இன்னும் இருக்கான்... காலி" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கோல்பிக்கு அந்தக் கண் அப்பா. ராட்னிக்கு அவன் மனைவி நோரீன். அவர்கள் பேசுவதை ஊரே கேட்கலாம், எதிர் அணியும் கேட்கும். கேட்கிறார்கள் என்று தெரிந்தே பொய்யும் சொல்வார்கள். டயர் நன்றாக இருக்கும்போதே "டயர் போச்சு" என்று அழுவான் ஒருவன். அதனால் ஸ்கேனரில் வரும் வார்த்தைகளை யாரும் அப்படியே நம்புவதில்லை. குரலைத்தான் கேட்பார்கள். அதுவும் கேட்கத் தெரிந்தவர்கள் மட்டும்.

டெஸ்ஸாவுக்குக் கோல்பியின் குரல் தெரியும். அது இப்போது சரியாக இல்லை.

மூன்று வாரம் முன்னால் அவன் சுவரில் நேராக மோதினான். சிரித்துக்கொண்டே இறங்கி, கேலரியைப் பார்த்துக் கை ஆட்டினான். அன்று வீட்டுக்கு வந்து ஷெட்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்ததை டெஸ்ஸா மட்டும்தான் பார்த்தாள். மறுநாள் பால் கேனைத் தட்டு அலமாரிக்குள் வைத்தான். டெஸ்ஸாவின் டிரைவிங் டெஸ்ட் எப்போது என்று ஒரே சாயங்காலத்தில் நாலு தடவை கேட்டான். அவள் பயந்துபோய் அழுதபோது அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட வாயத் திறந்த, அப்புறம் உனக்கு அண்ணனே கிடையாது. ஒரே ஒரு பந்தயம், டெஸ். அது முடிஞ்சா நானே டாக்டர்கிட்ட போறேன். சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினாள். அதற்குப் பிறகு அவளால் சரியாகத் தூங்க முடியவில்லை. தலையில் பட்ட ஒரு அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் என்ன ஆகும் என்று போனில் படித்திருந்தாள். படித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. இன்று ஆரம்பத்தில் அவன் இரண்டாவது வளைவில் சுவரில் லேசாக உரசினான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா." மறுபடி கோல்பி. என்ஜின் இரைச்சலுக்கு நடுவில் ரொம்ப மெதுவான குரல். "பின்னாடி ஒரு நீலக் கார் வருதே. யாரது?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அப்படிப் போடு! கேட்டுக்கிட்டிருக்கியா நோரீன்? உன் புருஷன் யாருன்னு கேக்குறான் என் பையன்!"

டெஸ்ஸாவின் முன்னால் உட்கார்ந்திருந்த தாடிக்காரரும் ஹெட்போனுக்குள் சிரித்தார். டெஸ்ஸாவுக்குத் தெரிந்தது. அது கிண்டல் இல்லை. பால் கேனை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரை நடுவில் நின்றானே, அந்தக் குரல்.

விரல் தானாகவே ஒன்பதாம் எண் அலைவரிசைக்குத் தாவியது.

"...நாடகம் ஆடுறான் நோரீன். நாம ஒட்டுக்கேக்குறோம்னு தெரியும் அவனுக்கு." ராட்னியின் குரல்.

"நாடகம் இல்ல."

"அடுத்த சுத்துல உள்பக்கமா நுழைஞ்சிடுவேன். என் கார் அவன் காரவிட நல்லா இருக்கு."

"ராட்னி, நான் சொல்றதக் கேளு. அந்தப் புள்ள அரை மணி நேரமா ஒரே கேள்வியக் கேக்குது. பக்கத்துல போகாத. உரசிடாத. ரெண்டு கார் நீளம் இடம் விடு. பின்னாடி வர்றவனையும் முந்த விடாத."

"வருஷம் முழுக்க இதுக்குத்தானே ஓட்டினேன், நோரீன்."

"தெரியும். இடம் விடு."

கார்கள் ஒரு முழுச் சுற்று ஓடி முடித்தன. பிறகு, டிக் டிக் என்று இரண்டு சத்தம். பேச நேரமில்லாத ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவார்கள். சரி என்று அர்த்தம்.

டெஸ்ஸா நிமிர்ந்து பார்த்தாள். நீலக் கார் ஆரஞ்சுக் காரின் பம்பரை விட்டு விலகிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஜூனில் கோல்பி கடைசி வளைவில் ராட்னியைப் பின்னாலிருந்து இடித்துச் சுழற்றிவிட்டு ஜெயித்தான். கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டில் கைகலப்பு. நோரீன் ஒரு பெரிய கப் இனிப்புத் தேநீரை ஐஸ் கட்டியோடு அப்பாவின் தலையில் கவிழ்த்தாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. ஆனால் பள்ளிக்கூடக் கேண்டீனில் டெஸ்ஸாவின் தட்டில் உருளைக்கிழங்கு வைப்பது நோரீன்தான். சண்டைக்குப் பிறகும் கரண்டி சுருங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே நிறைய வைப்பாள்.

நோரீனுக்கே தெரிந்துவிட்டது. எனக்கு மூன்று வாரமாகத் தெரியும் என்று நினைத்தாள்.

டெஸ்ஸா ஓடினாள். சாண்ட்விச் எங்கேயோ விழுந்தது. இரும்புப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். மேடையின் வாசலில் சங்கிலி போட்டிருந்தது. வேலை செய்பவர்கள் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. அப்பா அந்தக் கோடியில் முதுகைக் காட்டி நின்றார். இந்தப் பக்கம் நோரீன், வாய்க்கருகே மைக்கோடு. டெஸ்ஸாவைப் பார்த்தாள். தான் சொன்னால் ஹார்லன் நம்ப மாட்டார் என்பது அவளுக்கும் தெரியும், டெஸ்ஸாவுக்கும் தெரியும். கண்ணை ஓடுபாதையிலிருந்து எடுக்காமலே கையை நீட்டிச் சங்கிலியைக் கழற்றிவிட்டாள்.

"அப்பா. அவன நிறுத்துங்க."

ஹார்லன் ஒரு பக்க ஹெட்போனைத் தள்ளினார். "கீழ போ, டெஸ்."

"அவனுக்குத் தலையில அடி. போன தடவ மோதினப்பவே. வாந்தி எடுத்தான். கேட்டதையே கேட்டான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்." மூச்சு விடாமல் சொன்னாள். "அந்த நீலக் கார் யாருன்னு நெஜமாவே தெரியாமத்தான்பா கேட்டான்."

அப்பாவின் பார்வை அவளைத் தாண்டி நோரீனிடம் போனது. முகம் கறுத்தது. "இவ சொல்லிக் குடுத்தாளா?"

"அவங்க என்கிட்ட பேசவே இல்ல. அங்க பாருங்க. ராட்னி ஏன் பின்வாங்குறாரு? அவர் கார்தான் வேகம். நோரீன் ஆன்ட்டி இடம் விடச் சொன்னாங்க. அவங்க சேனல்ல நான் கேட்டேன்."

ஹார்லன் பார்த்தார். நீலக் கார் எட்டிப் பிடிக்கிற தூரத்தில், எட்டிப் பிடிக்காமல், பின்னால் வரும் கார்களை இடமும் வலமும் மறித்தபடி வந்துகொண்டிருந்தது. இருபது வருஷமாக இந்த மேடையில் நிற்கிறவர். அது என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொத்தானை அழுத்தினார். "கோல்பி. இன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டே?"

இரைச்சல். அப்பாவின் சட்டைக் கையை டெஸ்ஸா பிடித்துக்கொண்டாள்.

"அப்பா," என்றது அண்ணனின் குரல், "இன்னும் எத்தனை சுத்து பாக்கி?"

ஹார்லன் கண்ணை மூடித் திறந்தார். மறுபடி பேசியபோது அது டெஸ்ஸாவுக்குத் தெரிந்த குரலே இல்லை. காய்ச்சல் வந்த குழந்தையிடம் பேசுகிற குரல். "ஒண்ணுமே பாக்கி இல்லடா ராஜா. முடிஞ்சிருச்சு. கொடி விழுந்தாச்சு. மெதுவா உள்ள வா."

"ஜெயிச்சமா?"

"ஆமாடா. ஜெயிச்சுட்டோம். கால மெதுவா எடு. உள்பக்கம் காலி. காலி. இறங்கு. காலி." மைக்கை மூடிக்கொண்டு திரும்பினார். "நோரீன்..."

"நீ அவன்கூடப் பேசிக்கிட்டே இரு," என்றாள் நோரீன். "மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

நீலக் கார் பாதையின் நடுவுக்கு வந்தது. ஜன்னல் வலைக்கு அடியில் ராட்னியின் கையுறை போட்ட கை வெளியே நீண்டு, மெதுவாக, மெதுவாக என்று ஆடியது. பின்னால் இருந்த அத்தனை கார்களும் அவன் முதுகுக்குப் பின்னால் வேகம் குறைத்தன. எல்லோரையும் மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. கேலரியில் ஹெட்போன் போட்டவர்கள்தான் முதலில் எழுந்து நின்றார்கள், இங்கே ஒருவர், அங்கே ஒருவராக. பிறகு எதற்கென்று தெரியாமலே மற்றவர்களும் எழுந்தார்கள். "காலி... காலி... அவ்வளவுதான், வந்துட்ட" என்று அப்பா சொல்லச் சொல்ல, ஆரஞ்சுக் கார் தன்னந்தனியாக வளைவில் இறங்கிப் பிட்டுக்குள் போய் நின்றது.

அப்பாவுக்கு மட்டும் கேட்டைத் திறந்து பாதையைக் கடக்க விட்டார்கள். டெஸ்ஸா வருவதற்குள் மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மேடைக்கே திரும்பி வந்தாள். தூரத்தில் ஆம்புலன்சின் பின்கதவு திறந்திருந்தது. யாரோ உட்கார்ந்திருந்தார்கள், யாரோ குனிந்திருந்தார்கள். இனி உனக்கு அண்ணனே கிடையாது என்று அவன் சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சரி, இல்லாவிட்டால் போகட்டும் என்று நினைத்தாள். அவன் இருந்தால் போதும், அவளுக்கு அண்ணனாக இல்லாவிட்டாலும்.

ஸ்கேனர் கரகரத்தது.

"டெஸ்ஸா, கேக்குறியாம்மா? நீ கேப்பேன்னு தெரியும்." அப்பாவின் குரல் இன்னும் மூச்சு வாங்கியது. "முழிச்சுக்கிட்டுதான் இருக்கான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். என்ன சொல்வாங்கன்னு தெரியல. உன்மேல செம கோவத்துல இருக்கான். அந்தக் காட்டிக்குடுத்த கழுத டெஸ்ஸா மே எங்கன்னு கேக்குறான். முழுப் பேரையும் சரியாச் சொல்லித் திட்டுறாம்மா. காதுக்கு அவ்ளோ நல்லா இருக்கு." குரல் தாழ்ந்தது. "நல்ல காரியம் பண்ணினே. நோரீன்கூட இரு. அவ உன்ன வீட்டுல விட்டுருவா."

ஸ்கேனரில் கேட்கத்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. டெஸ்ஸா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

"பாரு இவனை," என்றாள் பக்கத்தில் நோரீன். அவளும் அந்தச் சேனலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னை ஒரு வார்த்த கேட்டானா? அவனே முடிவு பண்ணிட்டான்." பையிலிருந்து ஒரு பேப்பர் நாப்கினை எடுத்து நீட்டினாள். கேண்டீன் நாப்கின். "மூக்கத் தொடச்சுக்கோ, கண்ணு."

கீழே கார்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பந்தயம் மறுபடி தொடங்கப்போகிறது. நீலக் கார் எல்லோருக்கும் முன்னால் இருந்தது.

"நோரீன்," ராட்னியின் குரல். "பையன் எப்படி இருக்கான்?"

நோரீன் பொத்தான்மேல் விரலை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மைக்கோடு ஹெட்போனைக் கழற்றி டெஸ்ஸாவின் தலையில் மாட்டிவிட்டாள். பெரிதாக இருந்தது, உள்ளே அவள் காதின் சூடு இருந்தது. "இத அழுத்திக்கிட்டுப் பேசு. நீயே சொல்லு."

இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தவள். அழுத்தினாள். எல்லா ஸ்கேனரிலும் தன் மூச்சு கேட்கும் என்று நினைத்தாள்.

"ராட்னி அங்கிள். நான் டெஸ்ஸா. பேசுறான். என்னைத் திட்டுறான்." பொத்தானை விடாமல் பிடித்திருந்தாள். "நீங்க இடம் விட்டதுக்கு..."

விரலை எடுத்துவிட்டாள்.

கீழே நீலக் கார் மூன்றாவது வளைவைத் தாண்டி, வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்க, மேடைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. டயர்களைச் சூடாக்க இடமும் வலமுமாக அசைந்து அசைந்து வந்தது. சரியாக மேடைக்குக் கீழே வந்ததும் அந்த அசைவு நின்று, கொஞ்ச தூரம் நேராக ஓடியது.

டிக். டிக்.