ஒலி அஞ்சலி

வாசலில் சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உத்திராபதியின் புல்லட்டைப் பந்தலுக்குள் நிறுத்தி, ஹேண்டில்பாரில் ரோஜா மாலை சுற்றியாகிவிட்டது. பொட்டு வைப்பதில்தான் சிறு கருத்து வேறுபாடு. ஹெட்லைட்டிலா, டேங்கிலா? கடைசியில் இரண்டிலும் வைத்தார்கள்.

"உள்ளார இருக்கிற குழாய உருவிடு. ஊரே அதிரணும்," என்றார் ஞானசேகரன்.

அவர் தில்லை கர்ஜனை மோட்டார் சைக்கிள் மன்றத்தின் செயலாளர். கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டை எடை போட்டு ஓய்வு பெற்றவர். சித்திரை வெயிலிலும் தோல் ஜாக்கெட்டைக் கழற்றாதவர். மன்றத்தின் தலைவர் உத்திராபதி கூடத்தில், குளிர்பெட்டிக்குள் கிடந்தார். வாழ்நாளெல்லாம் பெட்ரோலுக்காக முழங்கியவரை விடியற்காலையிலிருந்து கெடாமல் காத்துக்கொண்டிருந்தது மின்சாரம். அதை மன்றத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜெயப்பிரகாஷ் கவனித்தான். அவன் அவருடைய ஒரே மகன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மின்சார ஸ்கூட்டர் கடை வைத்திருக்கிறான். கடை திறந்த அன்று அப்பா மன்றத்துப் பரிவாரத்தோடு போய், உள்ளே கால் வைக்காமல் ரோட்டில் நின்றபடியே, "மிக்ஸி யாவாரம் எப்பிடிடா போவுது?" என்று கேட்டார். 'மின்சாரம் சட்னிக்கு, பெட்ரோல் சாலைக்கு' என்பது அவருடைய முழக்கம். மன்றத்தின் பனியன்களில் அதை அச்சடித்து, இரண்டு துவையலில் அது உதிர்ந்தும் போயிருந்தது.

"இருவது வண்டி. ஒருத்தனுக்கும் சைலன்சர் கெடையாது," என்று அருண்பாண்டியன் வந்து சொன்னான். ஜெயப்பிரகாஷின் மனைவிக்கு அண்ணன், மன்றத்தின் இளைஞரணி. வயது நாற்பத்தெட்டு. "மாமாவுக்கு முன்னால சுடுகாடு வரைக்கும் முறுக்கிகினே போறோம். ஒலி அஞ்சலி. பிளெக்ஸ்லயே போட்டாச்சு மச்சான்."

ஜெயப்பிரகாஷ் தலையாட்டினான். இதை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

தை மாதத்திலிருந்து அப்பாவின் காதுக்குள் ஓர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற பிறகும், படுத்த பிறகும் அது நிற்கவில்லை. நாற்பது வருஷம் கேட்ட சத்தம், இனி இறங்காது என்றார் காது டாக்டர். மன்றத்தில் முதுகுவலி என்று சொல்லி அப்பா புல்லட்டை ஓரங்கட்டினார். ஒருநாள் சாயங்காலம், தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "அந்த மிக்ஸிய எடு," என்றார். பின்னால் உட்கார்ந்து பிச்சாவரம் வரை வந்தார். கிள்ளை தாண்டும்போது அவன் ஏதோ சொல்ல, அவரும் பதில் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும், "வண்டி மேல ஒக்காந்து நீ பேசறது எனக்கு இப்பதான்டா கேக்குது," என்றார். திரும்பி வந்து இறங்கியதும், "எவன்கிட்டயும் சொல்லிடாத."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் முன்பு அவன் கையைப் பிடித்தார். "என்னக் கொண்டு போறப்ப சத்தம் வேணாம். வெடி, மோளம், வண்டி, ஒன்னும் வேணாம்."

"ஞானசேகரன் மாமாகிட்ட சொல்லிடட்டுமாப்பா?"

"நான் சொன்னேன்னு சொல்லாத. மானம் போயிடும். நீயா பாத்து செய்யி."

ஒன்றைச் செய்தால் மற்றது உடைந்துவிடும். அப்படி ஒரு வேலையை மகன் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பந்தலில் பேச்சு களைகட்டியிருந்தது. நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர், "பெட்ரோல்ல எத்தனால் ஜாஸ்தியாயிடுச்சிப்பா. என் வண்டி கரும்புச்சாறு குடிச்ச மாதிரி இருமுது," என்றார்.

"கரும்பு போடறதும் நீதான், இருமறதும் நீதானா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேட்டரி வண்டிய அஞ்சு வருஷம் கழிச்சி காயலாங்கடைக்காரன்கூட சீண்ட மாட்டான். புல்லட்ட பேரனுக்குத் தரலாம்."

"எங்க, பேரனுக்கு ஒதைக்கத் தெரிஞ்சாத்தான?"

பேரனுக்குத் தரலாம் என்றவரே ஜெயப்பிரகாஷை முருங்கை மரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போனார். "தப்பா நெனைக்காத மாப்ள. வூட்டுக்காரிக்கு ஒன்னு பாக்கணும். ஒரு சார்ஜுக்கு எவ்ளோ ஓடும்? பச்ச கலர் இருக்கா?" பச்சை இருப்பதாகச் சொல்லிவிட்டு ஜெயப்பிரகாஷ் ஞானசேகரனிடம் போனான்.

"மாமா, சத்தம் வேணாமே. அம்மாவுக்கு பி.பி. இருக்கு."

"எனக்கு ஒன்னும் இல்ல," என்றாள் புஷ்பவள்ளி கூடத்திலிருந்து. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "அவுரு ஆசைப்பட்ட மாதிரியே போவட்டும்." அவளிடமும் அப்பா முதுகுவலி என்றுதான் சொல்லியிருந்தார்.

"போலீஸ்ல ஏதாச்சும் கேப்பாங்க மாமா."

"இன்ஸ்பெக்டரே ஒரு வண்டியில வராரு." ஞானசேகரன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு பந்தல் முழுக்கக் கேட்கும்படி பேசினார். "ஒனக்கு சங்கடமாத்தான் இருக்கும் மாப்ள, ஒன் தொழில் அப்பிடி. ஆனா நாளைக்கி நாலு பேரு என்னா சொல்லுவான்? அப்பன் சாவுலயும் பேட்டரி வித்துட்டான்னு சொல்ல மாட்டான்?"

முருங்கை மரத்தடிக்காரர் தரையைப் பார்த்தார்.

"இல்ல மாமா. அப்பாவே..."

"அப்பாவே?"

இருபது பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். பிளெக்ஸிலிருந்து உத்திராபதியும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். கீழே 'கர்ஜித்த சிங்கமே' என்று எழுதியிருந்தது.

"அப்பாவே போன மாசம் பிளக் மாத்தி வச்சாரு," என்றான் ஜெயப்பிரகாஷ். "ஒரே ஒதையில ஸ்டார்ட் ஆவும்."

"பாத்தியா," என்றார் ஞானசேகரன் எல்லோரையும் பார்த்து. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "தெரிஞ்சே தயார் பண்ணி வச்சிட்டுப் போயிருக்காம்பா மனுஷன்."

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, வாய்க்கரிசி போட்டார்கள். பாடையில் கிடத்தியதும் வாசலில் புல்லட்டை உதைத்தார் ஞானசேகரன். அவன் சொன்னபடியே ஒரே உதையில் எடுத்தது. அடுத்து இன்னொன்று, அடுத்து நாலைந்து. பந்தலின் தகரம் அதிர்ந்தது. பெண்கள் அழுவது வாயசைவாக மட்டும் தெரிந்தது. கரும்புகை பாடை வரைக்கும் வந்தது.

ஜெயப்பிரகாஷ் குனிந்து, சடங்கு செய்துகொண்டிருந்தவரின் தட்டில் கிடந்த பஞ்சை எடுத்தான்.

"மூக்குக்கு வச்சாச்சே தம்பி," என்று அவர் கத்தினார்.

அவன் ஒரு துண்டு பிய்த்து, உருட்டி, அப்பாவின் வலது காதில் வைத்தான். நன்றாக உள்ளே போகும்படி அழுத்தினான். தலையை மெதுவாகத் திருப்பி இடது காதில் வைத்தான். அது நிற்கவில்லை. வண்டிகள் முறுக்கிய முறுக்கலில் பாடை மூங்கில் நடுங்க, பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் பிய்த்து வைத்தான். அதுவும் வந்தது. வலது கை விரலால் பிடித்துக்கொண்டான்.

தோளில் ஒரு கை விழுந்தது. தீச்சட்டியை நீட்டிக்கொண்டு சடங்குக்காரர் நின்றார். கொள்ளி வைப்பவன் முன்னால் நடக்க வேண்டும். உதடுகள் அசைந்தன, தம்பி, நேரமாவுது என்கிறார் போலிருக்கிறது.

ஜெயப்பிரகாஷ் இடது கையை மட்டும் சட்டிக்கு நீட்டினான்.