கூண்டுப் பூனைக்குப் பதினாறு மதிப்பெண்

பன்னிரண்டு ஆண்டுகளாக டூகல் ரென்னி ஊர் மதுக்கடைக்குள் காலை வைத்தால் ஏதாவது ஒரு மூலையிலிருந்து ‘மியாவ்’ என்று குரல் வரும். தபால்காரராக இருந்தபோது எக் டூகிட்டின் பார்லி வயலோரம் கருஞ்சிறுத்தை ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி, கைப்பேசியில் படமும் எடுத்தார். அது செய்தித்தாளிலும் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு இரண்டு பேராவது இப்படிச் சிறுத்தையைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் டூகலுக்கு வாய்த்த பக்கத்து நிலத்துக்காரன் எக். மூன்றாம் நாள் அதே வேலிக்கம்பத்தருகே மாவுமில்காரர் வீட்டுக் கறுப்புப் பூனை வந்து உட்கார்ந்ததைப் படமெடுத்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மதுக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டான். ஒரு வித்தியாசமும் இல்லை. டூகலின் மானம் அன்றைக்கே கப்பலேறியது. ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு டஜன் பூனை உணவு டின் பரிசளித்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து டின்களைக் குப்பையில் போட்டார்.

அப்படிப்பட்ட மனிதர் காட்டுப்பூனைக் கணக்கெடுப்பில் போய்ச் சேர்ந்தது ஏன் என்று கேட்டால், தான் கண் உள்ளவன் என்று ஊருக்குக் காட்டத்தான். வேறு காரணம் எதையாவது அவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலை கடினமானதில்லை. மலையில் மிஞ்சியிருக்கும் காட்டுப்பூனைகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. வீட்டை விட்டு ஓடிய பூனைகளோடு அவை கூடிக் கூடி இனமே கரைந்துகொண்டிருக்கிறது. அதனால் குளிர்காலத்தில் கூண்டு வைத்துக் கலப்புப் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். பிடிபட்டது கலப்பா, அசலா என்று பார்க்க ஓர் அட்டவணை. உடம்பில் ஏழு அடையாளம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை மதிப்பெண். மொத்தம் பதினேழோ அதற்கு மேலோ வந்தால் அசல்; பூனையைத் தொடாமல் ஷீனாவுக்குப் போன் செய்ய வேண்டும். ஷீனா மக்ஃபி இந்த வேலைக்குப் பொறுப்பாளர். மாதா கோயில் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்து, பத்து ஆண்டுகளாக இந்தப் பூனைகளுக்காக உயிரை விடுபவர்.

டிசம்பரில் ஒரு விடியற்காலை. எக்கின் நிலத்துக்கு மேலே, ஹெதர் புதருக்குள் வைத்த கூண்டின் கதவு விழுந்திருந்தது. டூகல் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஓர் ஆண் பூனை. சீறவில்லை, கத்தவில்லை, அவரையே பார்த்தது. வால் அவருடைய மணிக்கட்டு அளவுக்குத் தடிமன். வாலில் கறுப்பு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருந்தன. நுனி வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக முடிந்தது. முதுகுக்கோடு வால் தொடங்கும் இடத்தில் சரியாக நின்றுவிட்டது. எல்லாம் அசலுக்கான அடையாளங்கள். டூகல் மனதுக்குள் கூட்டினார். இருபது.

அந்த நேரம் பார்த்து எக் தன் நான்கு சக்கர பைக்கில் வைக்கோல் கட்டோடு வந்து நின்றான்.

“என்னப்பா டூகல், என்ன மாட்டிருக்கு? சிங்கமா?”

“பூனை.”

“அது தெரியுதுப்பா. காட்டுப்பூனைன்னு மட்டும் சொல்லிடாத, பேப்பர்காரன் கெளம்பி வந்துருவான். எங்க கொட்டகையில இதே மாதிரி ரெண்டு திரியுது. அதுல ஒண்ணாத்தான் இருக்கும்.”

எக்கின் உதட்டோரம் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது. டூகல் பேனாவை எடுத்தார். மூன்று போட வேண்டிய முதுகுக்கோட்டுக்கு ஒன்று. வால் நுனிக்கும் ஒன்று. மொத்தம் பதினாறு.

“கலப்புதான்,” என்றார்.

“பாரேன், தேறிட்டியே! வயசானதும் கண்ணு தெளிஞ்சிருச்சு ஒனக்கு.”

அந்தப் பாராட்டு அவருக்கு இனித்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இனித்தது.

கால்நடை மருத்துவர் பூனையை மயக்கி மேசையில் கிடத்திய பிறகு அட்டவணையை ஒருமுறை பார்த்தார், பூனையை ஒருமுறை பார்த்தார். “வால் ரொம்பத் தடிமனா இருக்கே டூகல். நிச்சயந்தானா? ஷீனாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?”

“நல்லாத் தின்னு கொழுத்திருக்கு, அவ்வளவுதான்,” என்றார் டூகல்.

அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. எல்லாப் பூனைக்கும் செய்வதுபோல் இதன் வாய்க்குள்ளும் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மறுநாள் டூகலே கூண்டைச் சுமந்து போய் அதே புதரருகே திறந்துவிட்டார்.

பிப்ரவரியில் ஷீனா கூப்பிட்டனுப்பினார். அழுது முகம் கழுவியது தெரிந்தது.

“உக்காருங்க டூகல். டிசம்பர்ல எக் நிலத்துக்கு மேல ஒரு ஆண் பூனை பிடிச்சீங்களே, அது அசல். கலப்பே இல்ல. பத்து வருஷத்துல இவ்வளவு சுத்தமான ரத்தம் நான் பாத்ததில்ல. அதுக்குப் போய் ஆபரேஷன் பண்ணிட்டோம்.”

டூகல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. தப்பு என்னோடது. விடியறப்ப அரை வெளிச்சத்துல இந்த அட்டவணையை வச்சு யாரு சரியா அளக்க முடியும்? பயிற்சியும் ஒரே ஒரு நாள்தான் குடுத்தேன். அப்படித்தான் மேலிடத்துக்கு எழுதிட்டிருக்கேன். பொறுப்புலேர்ந்தும் விலகிக்கறேன்.” சொல்லிக்கொண்டே தேநீரை ஊற்றி, பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

டூகல் தேநீரைக் குடித்தார். பிஸ்கட்டும் தின்றார். ஒன்றல்ல, இரண்டு. பிறகு ‘வருத்தமா இருக்கு ஷீனா’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். பல்லிடுக்கில் பிஸ்கட் துணுக்கு இருந்தது. அதை நாக்கால் துழாவியபோது தன்மேலேயே அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்தால் என்ன என்று தோன்றியது. இறங்கி உள்ளே போனார்.

“ஷீனா, நான் தப்பா அளக்கல.”

“என்ன?”

“சரியாத்தான் அளந்தேன். இருபது வந்துச்சு. எக் பக்கத்துல நின்னான். சிரிப்பானேன்னு பதினாறு போட்டேன்.”

ஷீனாவுக்கு உடனே விளங்கவில்லை. “சிரிப்பானேன்னா?”

“ஆமா.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“பண்ணியிருக்கலாம்.”

“டாக்டர் ஒண்ணுமே கேக்கலையா?”

“கேட்டாரு. கொழுத்த பூனைன்னு சொன்னேன்.”

ஷீனா கத்துவார், கையில் கிடைத்ததை எறிவார் என்று டூகல் காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். ஷீனா கணினிப் பக்கம் திரும்பி, தன்னைப் பற்றி எழுதியிருந்த வரிகளை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

“அந்தப் பள்ளத்தாக்குல ரெண்டு பெண் பூனை இருக்கு,” என்றார் திரும்பாமலே. “ஆண் இது ஒண்ணுதான்.”

“என்னை எடுத்துடுங்க ஷீனா.”

“எடுத்துட்டு? அந்தப் பூனைங்களைப் படமெடுக்க மேல வச்சிருக்கிற தானியங்கிக் கேமராக்கிட்டப் போற வழி வேற யாருக்குத் தெரியும்? இனிமே உங்களுக்குக் கூண்டு கிடையாது, அட்டவணை கிடையாது. மாசாமாசம் போய்ப் படத்தை எடுத்துட்டு வாங்க. எது வந்துது, என்ன செஞ்சுதுன்னு கீழ எழுதுங்க. கண்ணால பாத்ததை எழுதுங்க.”

மார்ச் மாதக் கடைசியில் பனி உருகிய பிறகு டூகல் மேலே ஏறிப் போய் மெமரி கார்டை எடுத்து வந்தார். காரில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். நாற்பத்தொரு படங்கள். பெண் பூனை வந்திருந்தது. கேமராவுக்கு நேர் எதிரே தரையில் புரண்டது. வாயைத் திறந்து கூப்பிட்டது. ஆண் பூனை ஒரு கஜம் தள்ளி உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து தன் வழியே போனது. மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். டூகல் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் படத்திலிருந்து எழுதத் தொடங்கினார். பெண், கூப்பிடுகிறது. ஆண், அருகில் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாம் நாள் படத்தில் பெண் பூனை மட்டும் இருந்தது. ஆண் போன திசையைப் பார்த்தபடி நின்றது. பார்த்ததை அப்படியே எழுதி, தேதி போட்டு, ஷீனாவுக்கு அனுப்பினார்.