மூணு இன்ச் குழல்

எங்க அக்கா புருஷன் ஹார்லனுக்குத் துப்பாக்கி வித்தது நான்தான். அதனால அந்த ஞாயித்துக்கிழமை நடந்ததுக்குப் பாதிப் பழி எனக்கு. மீதி அவரோட தொப்பைக்கு.

டென்னசியில எங்க ஊர்ல இருக்கிற ஒரே துப்பாக்கிக் கடையில பதினாறு வருஷமா நிக்கிறேன். மாமா, ரோட்டுல நின்னுபோன வண்டிகளை இழுத்துட்டுப் போற லாரி ஓட்டுறவர். போன மாசம் ஒருத்தன் இரும்புக் கம்பியோட அவர் மேல பாய்ஞ்சுட்டான். உடனே லைசென்ஸ் எடுத்தார், சட்டைக்குள்ள மறைச்சு வைக்க ஒரு சின்ன ரிவால்வர் வேணும்னு வந்து நின்னார்.

"ரெண்டு இன்ச் குழல் எடுங்க மாமா."

"அதை வச்சுப் பத்தடியில நிக்கிற மாட்டைக்கூட அடிக்க முடியாது. வெளிய தள்ளுற கம்பியும் குட்டை, சுட்ட தோட்டாக் கூடு முழுசா வராது, நகத்தால நோண்டணும். மூணு இன்ச் குடு."

அவர் சொன்னதுல பொய்யில்லை. ஆனா இடுப்புக்கு முன்பக்கம் பெல்ட்டுக்குள்ள செருகுற ஆளுக்கு, அந்தக் கூடுதல் ஒரு இன்ச் எங்க போய் நிக்கும்னு உட்கார்ந்தாத்தான் தெரியும். அதுக்குன்னே கடையில ஒரு பழைய லாரி சீட்டைப் போட்டு வச்சிருக்கேன்.

"ஒரு தடவை உட்கார்ந்து பாருங்களேன்."

"நீ பொம்மை வச்சு விளையாடும்போதே நான் மான் சுட்டவன். என்னைப் போய் உட்காரச் சொல்றியா?"

நின்னபடியே கண்ணாடியில பார்த்தார். சட்டைக்கு மேல ஒண்ணும் துருத்தலை. வாங்கிட்டுப் போயிட்டார். ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தான், நின்னுக்கிட்டே வாங்குவாங்க.

அக்கா வெர்லீனுக்கு வாழ்க்கையில ஒரே ஆசை. மாமா சர்ச்சுல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு, ஆண்டவரை ஏத்துக்கிறேன்னு சொல்லி ஞானஸ்நானம் எடுக்கணும். முப்பத்தொரு வருஷமா அவரைப் பக்கத்துல உட்கார வச்சுக் காத்துக்கிட்டு இருக்கா. மனுஷன் வருவார், பெஞ்சு தேய உட்காருவார், முடிஞ்சதும் வறுத்த கோழி சாப்பிடப் போயிடுவார்.

அந்த ஞாயிறு பிரசங்கம் முடிஞ்சு பாஸ்டர் மெரிட் வழக்கம்போல, "எல்லாரும் தலையைக் குனிஞ்சு கண்ணை மூடுங்க. ஆண்டவர்கிட்ட வர்றவங்க மட்டும் எழுந்திருங்க"ன்னார். மாமா குனிஞ்சார். தொப்பை போய்த் துப்பாக்கியை அமுக்கிச்சு, மூணு இன்ச் குழல் தொடை இடுக்குல இறங்கிச்சு. மனுஷன் விருட்டுனு எந்திரிச்சுட்டார். நான் கண்ணை மூடலை, அதனால எல்லாத்தையும் பார்த்தேன்.

திரும்ப உட்காரவும் முடியலை, உட்கார்ந்தா மறுபடி குத்தும். கண்ணுல தண்ணி வேற. அக்கா அவர் கையைப் புடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதா. அடுத்த ஞாயிறு ஹார்லனுக்கு ஞானஸ்நானம்னு பாஸ்டர் அங்கேயே சொல்லிட்டார்.

திங்கக்கிழமை கடை திறக்கும்போதே அக்கா வாசல்ல நின்னா.

"ரெண்டு இன்ச் வேணும்னு அவர் வருவார். இல்லைன்னு சொல்லிரு."

"உனக்கு எப்படிக்கா..."

"முப்பத்தொரு வருஷம் அவரோட குடும்பம் நடத்தியிருக்கேன் நெல்டா. ஆண்டவர் எழுப்பினாரா, அந்தக் கண்றாவி எழுப்பிச்சான்னு எனக்குத் தெரியாதா? எந்திரிச்சவர் மறுபடி உட்காரலை. எனக்கு அது போதும்."

பத்து மணிக்கு மாமா வந்தார். நடையே சரியில்லை. தோட்டாவையெல்லாம் எடுத்துட்டு ரிவால்வரை மேசை மேல வச்சார்.

"இதை வச்சுக்கிட்டு ரெண்டு இன்ச் குடு. நேத்து நடந்ததை வெர்லீன்கிட்ட சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். காலையில எந்திரிச்சா அடுப்படியில பாடிக்கிட்டு இருக்கா. அவ பாடிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

"ரெண்டு இன்ச் ஸ்டாக் இல்லை மாமா."

எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரெண்டு இன்ச் துப்பாக்கி நாலு இருந்துச்சு. அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அவ வந்துட்டுப் போயிட்டாளா?"

நான் துணியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் துடைச்சேன்.

மாமா ரிவால்வரை எடுத்து இடுப்புல செருகினார். நேரா போய் அந்த லாரி சீட்டுல முதல் தடவையா உட்கார்ந்தார். முகம் கோணிச்சு, ஆனா எந்திரிக்கலை.

"ஞானஸ்நானத் தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்கும்?"

"இடுப்பு வரைக்கும்."

இடுப்புல இருந்த ரிவால்வரைத் தட்டிப் பார்த்தார்.

"அப்ப இதை அவ கையில குடுத்துட்டுத்தான் இறங்கணும்."