ஒன்றாம் எண் அட்டை

1

இந்தக் கதை என் சட்டைப்பையில் பிறந்தது. ஒரு காலை பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தால், பூட்டிய திரையில் நான் எப்போதாவது முடிவெட்டிக்கொள்ளும் சலூனின் கத்தரிப் படம். அதன் கீழே இரண்டு வரி:

"கோபம் போதும். வந்துடு. உன் நாற்காலி காலியாத்தான் இருக்கு."

எனக்கு அந்தச் சலூன்மேல் எந்தக் கோபமும் இல்லை. முடி வளர நேரமாகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவரின் போனும் அதே நேரத்தில் நடுங்கியது. அவரும் எடுத்துப் பார்த்தார், யோசனையாகத் தலையைத் தடவிக்கொண்டார்.

நல்ல எழுத்தாளன் என்றால் நேராகச் சலூனுக்குப் போய் விசாரித்திருப்பான். நான் அவனைவிட நல்ல எழுத்தாளன். பேருந்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. சலூனில் அவள் தனியாக—"

நிறுத்திவிட்டேன். எனக்கு எழுத வராத நாட்களில் மட்டும்தான் என் கதைகளில் மழை பெய்யும்.

இரண்டாவது தொடக்கம்: "இன்றைய வணிக உலகில் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வது என்பது—"

இது கதை இல்லை, வங்கி வாசலில் கையில் திணிக்கும் விளம்பரத் தாள். ஆனாலும் இதில் ஒரு நியாயம் உண்டு. அந்த இரண்டு வரி எந்த வழியாக என் சட்டைப்பைக்குள் வந்தது என்று தெரியாவிட்டால், இந்தக் கதையில் யாருக்கு எது போய்விடும் என்ற பயமும் புரியாது. ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனுக்குள் ஒரு வாலட் இருக்கிறது. முன்பு அதில் வங்கி அட்டையும் விமான டிக்கெட்டும் மட்டும் குடியிருந்தன. இப்போது சின்னச் சின்னக் கடைகளும் தங்கள் அட்டையைக் கொண்டுவந்து செருகிவிடுகின்றன. தனியாக எந்த ஆப்பும் வேண்டாம். (ஒரு முடிவெட்டுக்காக ஆப் இறக்கிக்கொள்ளும் மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.) கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் என்கிற கட்டம்போட்ட படத்தைப் போனுக்குக் காட்டினால் போதும், அட்டை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு கடைக்காரர் தன் இடத்தில் இருந்தபடியே அதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம்: எத்தனை முறை வந்தீர்கள், இன்னும் எத்தனை வந்தால் ஒன்று இலவசம், இன்று கடை உண்டா இல்லையா. நீங்கள் கடைப் பக்கம் நடந்தால் அட்டை தானாகவே திரையில் தலை நீட்டும். மின்னஞ்சலைத் திறக்காமலே குப்பையில் போடுகிறவர்கள்கூட, பூட்டிய திரையில் இரண்டு வரி வந்தால் படித்துவிடுகிறார்கள். கடைக்காரர்கள் இதன்மேல் உயிரை விடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னும் இரண்டு விஷயம். இவை வியாபாரத்துக்குச் சிறியவை, நம் கதைக்குப் பெரியவை. நீங்கள் அட்டையை நீக்கிவிட்டால் அது கடைக்குத் தெரியும். நீங்கள் கடைப் பக்கம் நடந்தால் அது கடைக்குத் தெரியாது, உங்கள் போனுக்கு மட்டும்தான் தெரியும்.

3

அக்கா, தங்கை. பெயர் வைக்கவில்லை. வீட்டிலும் கடையிலும் பெரியவள், சின்னவள் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது, நாமும் அப்படியே கூப்பிடுவோம். ஒரு நீளக் கண்ணாடி, இரண்டு நாற்காலி. ஜன்னல் பக்கம் பெரியவளுடையது, கதவுப் பக்கம் சின்னவளுடையது.

முதல் வரைவில் பெரியவளைப் பரம சாதுவாக எழுதியிருந்தேன். சின்னவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். பாதியில் சந்தேகம் வந்தது. அவ்வளவு சாதுவா "கோபம் போதும்" என்று எழுதுவாள்? அது தப்புச் செய்தவர்களின் பேச்சு. மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் பத்திரமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு, மற்றவரின் கோபத்தைப் பற்றிப் பேசுகிற பேச்சு. எனவே வரைவைக் கிழித்துவிட்டுத் தப்பைத் தூக்கிப் பெரியவள் பக்கம் வைத்தேன். கதை உடனே எழுந்து நடந்தது.

போன் அட்டைக்கு முன் அவர்களிடம் காகித அட்டை இருந்தது. ஒவ்வொரு முடிவெட்டுக்கும் ஒரு ஓட்டை போடுவார்கள். பாதிப் பேர் அதைத் தொலைத்தார்கள், மீதிப் பேர் பேண்டோடு துவைத்தார்கள். சின்னவள் உட்கார்ந்து, விழுந்து எழுந்து, போனுக்கான அட்டையைத் தயார் செய்தாள். சோதனைக்கு முதல் அட்டையைத் தன் போனில் போட்டாள். இரண்டாவதை, கேட்காமலே, அக்காவின் போனில் போட்டாள். கட்டம்போட்ட படத்தை ஒரு தாளில் அச்சடித்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாள். நாலைந்து நாள் அதைப் பெரியவள் கண்டுகொள்ளவில்லை. வருகிறவர்கள் போனைக் காட்டிக் காட்டி அட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு நாள் காலை கண்டுகொண்டாள்.

"இது என்னடி கண்ணாடியில?"

"கார்டுக்கா. அன்னிக்கே சொன்னேனே. யார் எத்தனை தடவை வந்தாங்கன்னு அதுவே பாத்துக்கும். எப்படி வேலை செய்யுதுன்னு சாயந்தரம் காட்டறேன்."

"கண்ணாடி முகம் பாக்க. கண்டதையும் ஒட்டறதுக்கு இல்ல."

தாளைக் கிழித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கத்தரி பிடிக்க வராதவங்கதான் இப்படிப் போனைப் பிடிச்சுக்கிட்டு அலைவாங்க."

சின்னவளின் நாற்காலியில் அப்போது ஒருவர் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்துவிட்டார். பெரியவள் சொன்னதைக்கூட அவள் தாங்கியிருப்பாள், தன் கையில் தலையைக் கொடுத்திருந்தவர் சிரித்ததைத் தாங்கவில்லை. மீதி முடியையும் ஒழுங்காக வெட்டி முடித்தாள். மேல்துணியை உதறினாள், நான்காக மடித்து நாற்காலிமேல் வைத்தாள். போய்விட்டாள்.

4

(இந்தப் பகுதியில் சித்தி வந்தாள். சமாதானம் பேசச் சின்னவள் வீட்டுக்குத் தூது போய், நன்றாகச் சாப்பிட்டு, திரும்பி வந்து பெரியவளிடம் "அவ நல்லாத்தான் இருக்கா, நீ ஏன் அழற" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதையில் அவளுக்கு வேறு வேலை இல்லாததால் நீக்கிவிட்டேன். அவளால் ஒன்று மட்டும் தெரிந்தது: சின்னவள் ஊரின் மறுகோடியில் வேறொரு சலூனில் சேர்ந்துவிட்டாள், அக்காவின் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள்.)

5

சின்னவள் போனாள், அவளுடைய அட்டைகள் போகவில்லை. அவை பாட்டுக்கு வேலை செய்தன.

"இந்தப் பக்கமா போனேங்க, உங்க கார்டு எட்டிப் பாத்துச்சு. சரி, வெட்டிட்டே போயிடலாம்னு வந்துட்டேன்" என்று ஒருவர் வந்தார். இன்னொருவர் வந்தார். அட்டை இல்லாதவர்கள் எங்களுக்கு எங்கே என்று கேட்டார்கள். பெரியவள் கிழித்த தாளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, பசைநாடா போட்டு ஒட்டி, அதே கண்ணாடியின் அதே ஓரத்தில் வைத்தாள். நடுவில் கிழிசல் தெரிந்தாலும் போன்கள் அதைப் படித்துவிட்டன.*

* இதைச் சரிபார்க்க நான் உண்மையிலேயே ஒரு தாளைக் கிழித்து ஒட்டிப் பார்த்தேன். வேலை செய்தது. கொஞ்சம் உழைக்கிற எழுத்தாளன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடை லேப்டாப்பில் அட்டைகளின் பக்கம் சின்னவள் விட்டுப்போனபடியே திறந்து கிடந்தது. கடவுச்சொல் அவளிடம்தான் இருந்தது. மூடினால் மறுபடி கேட்குமோ என்ற பயத்தில் பெரியவள் லேப்டாப்பை மூடவே இல்லை. தூசி படியாமல் மேலே ஒரு துண்டைப் போட்டு வைத்தாள்.

தினமும் கடையைத் திறந்ததும் துண்டை விலக்கிப் பார்ப்பாள். பட்டியலின் உச்சியில் ஒன்றாம் எண் அட்டை, சின்னவளுடையது. அதற்கு நேரே ஒரு சொல்: "இருக்கிறது." எண்ணைத் தடுத்தவள், சித்தியிடம் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், இந்த அட்டையை மட்டும் நீக்கவில்லை. மறந்திருக்கலாம். மறக்காமலும் இருக்கலாம். பெரியவளுக்குத் தங்கையிடம் மிச்சமிருந்தது இந்த ஒரு சொல்தான், அதைப் பார்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பாள்.

அட்டை வழியாக ஒரு வரி அனுப்பினால் அது நேராகச் சின்னவள் திரையில் போய் விழும். எண்ணைத் தடுத்திருப்பது இங்கே செல்லாது. ஆனால் அதைப் பார்த்து அவள் எரிச்சலில் அட்டையை நீக்கிவிட்டால்? நாளைக் காலை துண்டை விலக்கும்போது அந்த இடத்தில் "நீக்கப்பட்டது" என்று இருந்தால்? அந்தப் பயத்தில் பல மாதம் எதுவும் அனுப்பாமல் இருந்தாள். எனக்கு அவள்மேல் அன்பு வந்தது இந்த இடத்தில்தான். மறைக்கப்போவதில்லை.

[பெரியவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். சின்னவள் வேலைக்குப் போகும் பேருந்து இந்தத் தெருமுனையில்தான் திரும்புகிறது. ஒவ்வொரு காலையும் அவள் போனில் அந்தக் கத்தரிப் படம் தலை நீட்டும். அவள் ஒதுக்கித் தள்ளுவாள், நீக்க மாட்டாள். கடைக்கு இது தெரிய வழியே இல்லை என்று முன்பே சொன்னேன். நீங்களும் பெரியவளிடம் சொல்லிவிடாதீர்கள்.]

6

ஏன் அந்தக் காலை அனுப்பினாள்? பெரிய காரணம் ஒன்றைத் தேடினேன். நோய், கல்யாணம், கனவு. எதுவும் ஒட்டவில்லை. சின்னக் காரணமே போதும்: ஒரு புது ஆள் கதவைத் திறந்து நேராகச் சின்னவளின் நாற்காலியில் உட்காரப் போனார். மடித்த மேல்துணி அங்கேயே இருந்தது. "அதுக்கு ஆள் இருக்குங்க" என்றாள் பெரியவள், தன்னை அறியாமல். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அவர் தலையில் சாயம் ஊறும் இடைவெளியில், கையுறையைக்கூடக் கழற்றாமல், துண்டை விலக்கி அந்த இரண்டு வரியைத் தட்டினாள். யாருக்கு என்று கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். சின்னவள் முதல் அட்டை. ஆகவே முதல் கட்டத்தில் டிக் அடித்தாள்.

முதல் கட்டம் "அனைவரும்." சின்னவள் அதற்கு அடுத்தது.

அனுப்பிய மறுகணம் அவள் மேலங்கிப் பையில் போன் நடுங்கியது. எடுத்தாள். அவள் கடை அவளிடமே சொன்னது: கோபம் போதும், வந்துடு. நாற்காலியில் இருந்த புது ஆள் சற்று முன் எடுத்த அட்டையும் அவர் மடியில் ஒளிர்ந்தது.

"நான் வந்துட்டேனேங்க?" என்றார் அவர்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. பெரியவளுக்குக் கூட்டம் கூடப்போவதைப் பற்றியோ மானம் போனதைப் பற்றியோ கவலை வரவில்லை. ஒரே எண்ணம்தான்: இந்த அட்டையைச் செய்தவளுக்கு, எல்லோருக்கும் போனது எது, ஒருத்திக்குப் போனது எது என்று தெரியும். விளம்பரம் என்று நினைத்துவிடுவாள். என் கண்ணீரையும் கடைக்கு ஆள் பிடிக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவாள்.

7

வணிகம் படிப்பவர்கள் இந்தப் பகுதியை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். அன்று கடை நிரம்பி வழிந்தது.

கோபமே இல்லாதவர்களும் வந்தார்கள். ஒரு பல் டாக்டர் வந்து, "வேற இடத்துல வெட்டினேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று கூச்சப்பட்டார். நெற்றிமுடியைக் குட்டையாக வெட்டிவிட்டதாகச் சண்டை போட்டுப் போன பெண் வந்து, "நானும் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் பேசிட்டேன்" என்றாள். முழு வழுக்கைக்காரர் ஒருவர்கூட வந்தார்.

"உங்களுக்கு நான் என்னங்க பண்றது?" என்றாள் பெரியவள்.

"கூப்பிட்டீங்க, வராம இருந்தா மரியாதை இல்ல. தாடியைக் கொஞ்சம் பாருங்க."

இவரை வெட்டிவிடச் சொன்னார் என் நண்பர். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேனாம். வெட்ட மாட்டேன். உலகத்தில் நிறையப் பேர், யாராவது கோபம் போதும் என்று சொல்வார்களா என்று காத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. கடையிலிருந்து வந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

அத்தனை பேர் நின்றும் கதவுப் பக்க நாற்காலியில் அவள் யாரையும் உட்கார விடவில்லை.

(நானும் பிறகொரு நாள் உண்மையான அந்தச் சலூனுக்குப் போனேன். முடிவெட்டிக்கொண்டேன். இரண்டு நாற்காலி இருந்தது. எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இது செய்தியாகிவிடும்.)

8

சாத்தும் நேரம். தரையில் பலர் முடியும் கலந்து குவிந்து கிடந்தது. நாள் முழுக்கத் தள்ளிப்போட்டதை இனித் தள்ள முடியாது. துண்டை விலக்கினாள். "இருக்கிறது" என்றோ "நீக்கப்பட்டது" என்றோ பார்க்கத் தயாராக இருந்தாள். திரையில் இரண்டுமே இல்லை. பட்டியலே இல்லை.

"கடவுச்சொல் மாற்றப்பட்டது. மீண்டும் உள்ளே வரவும்."

அதை மாற்ற முடிந்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. முதலாவது: சின்னவள் பூட்டிவிட்டாள், அட்டையையும் நீக்கிவிட்டாள், தீர்ந்தது. நடக்கக்கூடியதுதான். ஆனால் இதைச் சொல்லவா உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்? இரண்டாவது: கதவு திறக்கிறது, சின்னவள் நிற்கிறாள், கட்டிக்கொண்டு அழு— இல்லை. அவள் அவ்வளவு சுலபமானவள் இல்லை. அவளுடைய வலிக்கும் ஒரு மரியாதை உண்டு.

மூன்றாவதில்தான் எனக்கு நம்பிக்கை. பெரியவளின் மேலங்கிப் பையில் போன் நடுங்குகிறது. எடுக்கிறாள். அவள் கடையின் கத்தரிப் படம். அவள் அனுப்பாத செய்தி, இரண்டாம் எண் அட்டைக்கு மட்டும், இரண்டே வரி.

அந்த இரண்டு வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். "நாற்காலியை வேற யாருக்காவது குடு." அடித்துவிட்டேன். புதுக் கடவுச்சொல்லை மட்டும் எழுதினேன், வேறு ஒன்றும் இல்லாமல். அதையும் அடித்துவிட்டேன். பிறகு இது வந்தது: "முதல் கட்டம் எல்லாருக்கும். ரெண்டாவதுதான் நான். சொல்லிக்குடுக்கறதுக்குள்ள தாளைக் கிழிச்சிட்ட."

இந்தக் கதையில் நான் எழுதியதிலேயே இதுதான் நல்ல வரி. ஆனாலும் வைக்க மாட்டேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. உங்களில் யாருக்காவது இருப்பார்கள், பேசாமலும் இருப்பீர்கள். இந்த இடத்தை நிரப்பும் தகுதி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம்.

பெரியவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டாள். விரல் நுனியெல்லாம் சாயம். போனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நிற்கிறாள்.

[                                        ]

இடம் விட்டிருக்கிறேன். பூட்டிய திரையில் இரண்டு வரிதான் தெரியும், அதற்குள் எழுதுங்கள். அனுப்பும் முன் முதல் கட்டத்தில் டிக் விழாமல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். இது அவளுக்கு மட்டும் போக வேண்டும்.