ஆத்தா சொன்ன கொக்கி

முத்துராமனின் லேண்ட்ரோவர் ஜீப்புக்கு முன்னால் ஒரு புல்பார் இருந்தது. குறுக்கே மாடோ காட்டுப்பன்றியோ வந்தால் வண்டியின் முகம் உடையாமல் இருக்கப் பொருத்துகிற குழாய்ச் சட்டம் அது. முத்துராமன் அதைப் போட்டது பன்றிக்காக இல்லை, பார்க்கிறவர்களுக்காக. அந்தக் காலத்து ஈப்போவில் அதைவிடப் பளபளப்பான பொருள் இரண்டுதான்: ஒன்று சூரியன், இன்னொன்று முத்துராமனின் வழுக்கை. மூன்றும் ஒரே நேரத்தில் மார்க்கெட்டுப் பக்கம் வந்தால் சீனன் கடைக்காரர்கள் கூடாரத்தை இறக்கிவிடுவார்கள். பெண்கள் அந்தக் குழாயில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது தாப்பா லைன் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு நாள் வந்தால் ஈப்போவின் புந்தோங் பக்கம் இருந்த சீனியின் பட்டறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். சீனி வெல்டிங் வைத்தால் இரும்பே பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருந்ததாக நினைத்துக்கொள்ளும். அவன் தங்கை வீரம்மா எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஜனங்களில் பாதிப் பேர் ஈப்போவுக்கு, மீதிப் பேர் லூமுட் பக்கம் கட்டட வேலைக்கு என்று போய்விட்டார்கள். வீரம்மா மாதிரி ஒன்றிரண்டு குடும்பம் மட்டும் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே தங்கிவிட்டது. கோயில் இருந்த துண்டை வாங்கியவர் முத்துராமன். அதனால் கோயில் தலைவரும் அவரே.

மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் திரும்பி வருவார்கள். வருவார்களே தவிர, தேர் இழுக்க ஆளிருக்காது. ஒருவன் கையில் கேமரா, இன்னொருவன் கையில் குழந்தை, மூன்றாமவன் புதுச் சப்பாத்தில் சேறு படாமல் நிற்பதிலேயே குறியாக இருப்பான். ஆகவே போன வருஷத்திலிருந்து தேரை இழுத்தது ஜீப்.

அதிலும் ஒரு முறை உண்டு. அம்மனுக்கு முதுகைக் காட்டக்கூடாது இல்லையா? ஜீப் தேரைப் பார்த்தபடி நின்று, முன்பக்கம் வடத்தைக் கட்டி, ரிவர்ஸ் கியரில் பின்னாலேயே போகும். முத்துராமன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்மனைக் கும்பிட்டபடி ஓட்டுவார். ஜீப்புக்குப் பின்னால் நிற்கிற ஜனம் சிதறி ஓடுவதைப் பார்க்க இரண்டு கண் போதாது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் வீரம்மா பட்டறைக்கு வந்தாள். நின்றபடியே பேசினாள்.

“அண்ணே, போன வருசம் வடத்தை அந்தக் குழாயிலதான் கட்டுனாங்க. தேரு பள்ளத்துல மாட்டுனதும் குழாய் வளைஞ்சு ஒரு போல்ட்டு தெறிச்சிச்சு பாருங்க, இவரு காதை உரசிட்டுப் போச்சு. கட்டை போடுற ஆளு வடத்துக்குப் பக்கத்துலதானே நிக்கணும்? இந்த வருசம் குழாயே வந்துச்சுன்னா நான் என்ன ஆவேன்?”

இவர் என்றது அவள் புருஷன் அர்ச்சுனனை. தேர்ச்சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைச் செருகி நிறுத்துகிற வேலை அவனுடையது. அப்பன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டு மரியாதை அது. விட்டுவிடு என்றால் கேட்கமாட்டான். ஆனால் பயம் தெரிந்தவன். நீளக் கம்பு கோத்த கட்டையைப் பக்கவாட்டில் நின்று தள்ளிவிட்டு ஒரு துள்ளு துள்ளுவான். தவளையெல்லாம் வந்து அவனிடம் பாடம் கேட்கும்.

“அவன்கிட்ட சொல்லேன், இந்த வருசம் வேணாம்னு,” என்றான் சீனி.

“சொன்னா, ‘கட்டையை உங்க அண்ணனா வந்து போடுவாரு?’ங்கிறாரு.”

“நான் போட்டா தேரு என் வெல்டிங்கைப் பார்த்துப் பயந்து தானா நின்னுரும்லா.”

வீரம்மா சிரிக்கவில்லை. “அவரு உசுரு எனக்கு வேணும்ணே. ஏதாச்சும் செய்ங்க,” என்றாள்.

முத்துராமனை வரவழைத்தது நான்தான். ‘சீனி உங்கள் வண்டியைப் பற்றி என்னவோ பெருமையாகச் சொல்கிறான்’ என்று சொல்லி அனுப்பினேன். டெலிபோன் கம்பியைவிட வேகமாக வந்து சேர்ந்தார்.

சீனி வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு பேசினான். “தலைவரே, இந்த புல்பாரு முட்டுறதுக்குத்தான். இழுக்குறதுக்கு இல்ல. ரெண்டு தகரக் காலுதான் இதைத் தாங்கிட்டு நிக்குது. முன்னாலேருந்து தள்ளுனா தாங்கும். வெளியே இழுத்தா தாஹான் பண்ணாதுலா. வண்டி அடிச்சட்டம், சேஸியிலயே ரெண்டு கொக்கி போட்டுத் தாரேன், வண்டியே ரெண்டா போனாலும் கொக்கி வராது.”

“பாரைக் கழட்டணுமா?”

“பாருல கையே வைக்கல.”

“அப்போ போடு. ஆனா கொக்கி வெளியில தெரியப்படாது. அசிங்கமா இருக்கும்.”

ஈயம் வாருகிற கப்பல் ஒன்றை உடைத்து விற்ற இடத்திலிருந்து சீனி இரண்டு கொக்கிகளைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் என் தலை அளவு. என் தலையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரியும். சேஸியின் முன்பக்கம் இரண்டு முனையிலும் துளை போட்டான். உள்பக்கம் கனமான தகடு கொடுத்தான். இல்லாவிட்டால் போல்ட்டுத் தலை சேஸியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுமாம். ஒரு கொக்கிக்கு இரண்டு போல்ட்டு. நட்டை முறுக்கும்போது ஸ்பேனர் நுனியில் குழாயைச் செருகி என்னையும் தொங்கச் சொன்னான். நான் தொங்கினேன். வண்டிதான் எழுந்தது.

பட்டறைக்கு வெளியே இருந்த அங்சானா மரத்தில் கம்பிவடத்தைக் கட்டி, மறுமுனையைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். கொக்கி அசையவில்லை. புந்தோங்தான் ஒரு சாண் நகர்ந்து வந்தது.

அர்ச்சுனனும் வந்து பார்த்தான். கொக்கியை உதைத்தான். “மச்சான், இது பிடிச்சா விடாதுபோல.”

“விடாது. அதனால நீயும் கவனமா இருக்கணும். போன வருசம் பாரு வளைஞ்சுச்சு, இழுவை பாதி அதுலயே போச்சு. இது வளையாது. தேரு பள்ளத்தை விட்டு வந்துச்சுன்னா ஒரே தாவா வரும். கம்பைக் கையை விட்டுறாத.”

“என்னைப் பத்தித் தெரியாதா மச்சான்? நான் கோழை.”

திருவிழா அன்று மத்தியானம் மழை பிடித்தது. விட்டபோது தோட்டத்துச் செம்மண் பாதை பாயசமாகிவிட்டிருந்தது. முன்காலத்தில் காலையில் ஆட்களை வரிசைகட்டிப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களத்தின் ஓரத்தில் தேரின் இடது சக்கரம் அச்சுவரை இறங்கியது. அங்கிருந்து பாதை சரிவு. சரிவில், தேரைப் பார்த்தபடி ஜீப். புல்பாருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டிருந்தார்கள். அம்மனுக்கே அவ்வளவு அலங்காரம் இல்லை.

முத்துராமன் வடத்தை எடுத்து நேராகப் புல்பாரில் கட்டச் சொன்னார்.

சீனி ஓடினான். “தலைவரே, கொக்கி! கொக்கியில கட்டுங்க!”

“கொக்கி கீழே இருக்குடா. சேத்துல கிடக்கு. ஆத்தா வடத்தைக் கால்மாட்டுலயா கட்டுவே?”

“போன வருசம் என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல?”

“போன வருசம் மாலை போடல. அதான்.” கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். “உன் கொக்கி நல்ல கொக்கிதான் சீனி. காட்டுல மாட்டுனா உபயோகப்படும். இது சாமி காரியம். ஒதுங்கு.”

வடத்தைப் புல்பாரில் முடிச்சுப் போட்டார்கள். அர்ச்சுனன் கம்பும் கட்டையுமாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். முகம் வெளுத்திருந்தது. வடம் அவன் இடுப்பை ஒட்டிப் போனது. வீரம்மா என் பக்கத்தில் நின்று குழாயைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“பிடிங்கண்ணே.”

வாங்கிக்கொண்டேன். அடுத்த நொடி அவள் கொண்டை அவிழ்ந்தது. ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், கோலா கங்சாரில் அரண்மனைக் காவல்காரன் துப்பாக்கியை எடுத்திருப்பான். உருமிக்காரன் உடனே அடியை மாற்றினான். சுற்றிச் சுற்றி ஆடியபடி ஜீப்புக்கு முன்னால் போய், சேற்றில் முழங்காலிட்டு, தரையை அறைந்தாள்.

“கீழே கட்டுடா! என் காலடியில கட்டுடா! மேலே எவன்டா கட்டுனது?”

அம்மன் இறங்குகிறபோது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். சீனியும் மூடிக்கொண்டான்.

முத்துராமனுக்கு வேர்த்தது. ஆனால் தலைவர் அல்லவா? “ஆத்தாதான் வந்திருக்கியா, வேற ஏதும் காத்தா? வாக்கு கொடு தாயே,” என்று கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டினார். அங்கே அதுதான் வழக்கம். நிஜமாக வந்திருந்தால் சுடாது.

வீரம்மா வலது கையை விரித்தாள். பால் மரம் வெட்டுகிற கை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்தார்கள். அவள் முத்துராமனின் முகத்தையே பார்த்தாள். ஆடவில்லை, கத்தவில்லை. தாடை மட்டும் இறுகியது. கற்பூரம் எரிந்து தீரும்வரை கையை மூடவில்லை. பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியும், அந்த வாடை பூஜை வாடை இல்லை.

“ஆத்தா!” என்று முத்துராமன் சேற்றில் விழுந்தார். ஜனம் முழுக்க விழுந்தது. கேமராக்காரன்கூட விழுந்தான். வடத்தை அவிழ்த்து இரண்டு கொக்கியிலும் கட்டினார்கள்.

சீனி பெருமூச்சு விட்டான். நானும் விட்டேன். அர்ச்சுனன் என்ன செய்கிறான் என்று நாங்கள் பார்க்கவில்லை. அவன் வந்து பொண்டாட்டியின் காலில் விழுந்திருந்தான். எழுந்தபோது முகத்தில் அந்த வெளுப்பு இல்லை. சிரித்தான்.

“பார்த்தீங்களா மச்சான்? என் வீட்டுலயே இறங்கிட்டா. இனிமே எனக்கு என்னா?”

வீரம்மா அவன் கையைப் பிடிக்கப் பார்த்தாள். கருகின கையால் பிடி கிடைக்கவில்லை. “கிட்ட போகாதீங்க, தள்ளி நில்லுங்க,” என்றாள், தன் சொந்தக் குரலில். உருமியும் குலவையும் அதை விழுங்கிவிட்டன. கேட்டிருந்தாலும், அதையும் ஆத்தாளின் செல்லம் என்றுதான் எடுத்திருப்பான்.

அவன் கட்டையிலிருந்து கம்பைப் பிடுங்கி எறிந்தான். கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகச் சக்கரத்துக்கு முன்னால் போய்க் குந்தினான்.

“டேய், கம்பு! கம்பை எடுடா!” சீனி கத்திக்கொண்டே ஓடினான். முத்துராமன் ஒரு கையால் கும்பிட்டபடி ரிவர்ஸில் போட்டு மிதித்தார். வடம் விறைத்தது. கொக்கி பிடித்தது. எதுவும் வளையவில்லை, எதுவும் தெறிக்கவில்லை. தேர் பள்ளத்தை விட்டு ஒரே தாவாக வந்தது.

அர்ச்சுனன் கத்தவில்லை. உருமியும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை, ஏனென்றால் பின்னால் இருந்தவர்களுக்குத் தேர் நகர்ந்தது மட்டும்தான் தெரிந்தது. அவர்கள் கைதட்டினார்கள்.

வடத்தின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. வெட்டுக்கத்தியால் அறுத்து ஜீப்பை விடுவித்து அவனை ஏற்றினோம். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே ஏற்றியதற்கு அர்த்தமில்லாமல் போய்விட்டது.

சீனி பிறகு பல நாள் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். கொக்கியைக் கழற்றிக் கொடுங்கள் என்று முத்துராமனிடம் ஒரு தடவை கேட்டான். முத்துராமன் அவனைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கொக்கிகளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டியிருந்தார்கள். தாயே கைகாட்டிய கொக்கி அல்லவா, கையெடுத்துக் கும்பிடத்தான் முடியும், கழற்ற முடியாது என்றார்.

கருமாதி முடிந்த பிறகு முத்துராமன் தட்டும் பழமுமாகக் கோயில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீரம்மாவின் லயத்து வீட்டுக்கு வந்தார். நானும் சீனியும் உள்ளே இருந்தோம். வீரம்மா கையில் துணிக்கட்டோடு வாசற்படிக்கு வந்தாள்.

“தாயே,” என்றார் முத்துராமன், அவளைவிட மூத்தவர். “உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கிட்ட. நாங்க குறை சொல்ல மாட்டோம். அடுத்த வருசம் திருவிழாவுக்கு நீதான் வாக்கு சொல்லணும்.”

வீரம்மா அவர்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள்.

“அன்னைக்குச் சாமி வரல,” என்றாள். “நான்தான் பேசுனேன். அவரு சாகக்கூடாதுன்னு நானாத்தான் ஆடுனேன். கை சுட்டுச்சு. இன்னமும் சுடுது. போய்ச் சொல்லுங்க எல்லாருக்கும். சாமி வரவே இல்ல.”

முத்துராமன் மெல்லக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆத்தா கோவமா இருக்கா,” என்று பின்னால் திரும்பிச் சொன்னார். “விழுங்கடா.”

எல்லாரும் விழுந்தார்கள். வீரம்மா என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவுக்கு அவர்கள் தேங்காய் உடைத்தார்கள். உடைகிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.