கருப்பாயி நிற்கும் இடம்

திங்கட்கிழமை காலையில் யுவராணி கம்ப்யூட்டரைத் திறந்ததும் ராயப்பராஜின் கோரிக்கை மறுபடியும் வந்து நின்றது. கருப்பாயியைக் கொடு, பதிலுக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள். அவள் வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு அன்றைய வேலையைத் திறந்தாள்.

கருப்பாயி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் இருக்கிற ஆள். ராயப்பராஜ் நிஜமான ஆள், அவளுடைய டீம் லீடர்.

வத்தலக்குண்டு ரோட்டில் இருந்த அந்த ஆபீஸில் மெடிக்கல் கோடிங் வேலை நடந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, இன்சூரன்ஸ்காரர்களுக்கு வேண்டிய கோடு எண்களாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் இருந்த ஆபீஸ்காரர்கள் தங்கள் ஊர் ஃபுட்பாலை வைத்து ஒரு மேனேஜர் கேம் ஆடினார்கள். நீங்களும் ஒரு லீக் நடத்துங்கள், உங்கள் சாம்பியனும் எங்கள் சாம்பியனும் மோதட்டும் என்று ஒரு மீட்டிங்கில் சொன்னார்கள். ராயப்பராஜ் அன்று சாயங்காலமே லீக்கைத் தொடங்கி, அதற்கு விதிகளை வகுக்கிற கமிஷனராகவும் தானே ஆகிவிட்டார். பெரிய பதவி ஒன்று காலியாகப் போகிறது என்ற பேச்சு ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. அமெரிக்காக்காரர்கள் கண்ணில் படுவதற்கு இதைவிட நல்ல வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

அது நாம் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும், இல்லையென்றால் பந்து கைமாறிவிடும். கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் ஏழு புள்ளி வரை கிடைக்கும், கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. தடுக்கிற அணியில் மூன்று வரிசை உண்டு. முன்வரிசையில் மலை மலையாக ஆட்கள். பின்வரிசையில், எறிகிற பந்தை விரட்டிப் போகிற ஓட்டக்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் லைன்பேக்கர்கள். முன்வரிசை உடைந்தால் முட்டி நிறுத்துவதும் அவர்கள் வேலை, பந்து தலைக்கு மேல் போனால் பின்னால் ஓடுவதும் அவர்கள் வேலை. யார் எங்கே நிற்பது, எப்போது பாய்வது என்று மேனேஜர் முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும். மீதியைக் கம்ப்யூட்டர் ஆடிக்கொள்ளும்.

ஆட்களைப் பிரித்துக்கொண்ட அன்றைக்கு எல்லோரும் உயரமும் எடையும் பார்த்து லைன்பேக்கர்களை அள்ளினார்கள். யுவராணி சின்னாளபட்டியிலிருந்து வந்த பஸ் தாமதமாகிவிட, அவளுக்கு மிஞ்சியது கழிசல்தான். நடு லைன்பேக்கர் இடத்துக்கு ஆளே இல்லை. அவள் பின்வரிசைப் பட்டியலைத் துழாவினாள். சேஃப்டி என்ற இடத்தில் ஆடுகிற ஒருவன் அகப்பட்டான். குள்ளம், பலமும் சுமார். ஆனால் ஆட்டத்தை முன்கூட்டியே ஊகிப்பதிலும், பிடித்த பிடியை விடாததிலும் அவனுக்கு மேலே யாரும் இல்லை. அவனை இழுத்து நடு லைன்பேக்கராக நிறுத்தினாள். பெயரை மாற்றிக்கொள்ள வசதி இருந்தது. கருப்பாயி என்று அடித்தாள்.

காலேஜில் அவள் கபடி ஆடியிருக்கிறாள். இடது கார்னர் அவளுடையது. அதற்கு அடுத்த கவர் இடத்தில் எரியோடு ஊர்க் கருப்பாயி நிற்பாள். ஆள் இம்புட்டுதான் இருப்பாள். ரெய்டுக்கு வருகிறவள் எந்தக் காலில் திரும்பப் போகிறாள் என்பது அவளுக்கு மட்டும் எப்படியோ தெரியும். தன்னைப்போல ஒன்றரை மடங்கு இருக்கிறவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மண்ணில் சாய்த்துவிட்டு, எழுந்து பாவாடைத் தூசியைத் தட்டுகிற மாதிரி டிரவுசரைத் தட்டுவாள். யுவராணிக்கு அந்த நினைப்புதான் வந்தது.

"நடுவுல போய் சேஃப்டிய நிப்பாட்டிருக்கா பாரு," என்று அன்றைக்கு ராயப்பராஜ் எல்லோரும் கேட்கச் சொன்னார். "லாரிக்கு முன்னாடி சைக்கிள நிப்பாட்டுன மாதிரி."

சீசன் முக்கால்வாசி முடிந்தபோது லீக்கில் அதிகம் பேரைப் பிடித்துச் சாய்த்தது கருப்பாயிதான். யுவராணியின் அணி பெயர் சிறுமலைக் காட்டுமாடுகள். அது பெரிதாகப் புள்ளி எடுக்காது, எதிரணியையும் எடுக்க விடாது. சீசன் முடிவில் ராயப்பராஜின் அணியும் அவளுடைய அணியும் இறுதிப்போட்டிக்கு வந்தன. சைக்கிள் என்று சொன்னவர் கோரிக்கை அனுப்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அந்தத் திங்கட்கிழமை டீ குடிக்கப் போனபோது அவரே நேரில் வந்துவிட்டார். பக்கத்தில் அவளோடு வேலை செய்கிற கிதர் முகம்மது வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, மூணு தடவ அனுப்பிட்டேன். ரெண்டு பேர் தாரேன்னு சொல்றேன்ல."

"எனக்கு ஒருத்தி போதும் சார்."

"இங்க பாரு. ஜெயிக்கிற டீமு அடுத்து அமெரிக்காக்காரங்களோட மோதணும். நம்ம ஆபீஸ் மானம் இருக்கு. ஒரே டீம்ல நல்ல ஆளுங்க இருந்தாத்தான ஜெயிக்க முடியும்?"

"அப்ப உங்க ஆளுங்கள எனக்குக் குடுங்க சார். நான் போய் மோதுறேன்."

கிதர் முகம்மது வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். ராயப்பராஜ் சிரிக்க முயன்றார்.

"சரி, அதை விடு. அந்தப் பேரையாச்சும் மாத்து. அவங்க ஸ்கிரீன்ல பாப்பாங்க. கருப்பாயின்னு பேரு வச்சா நல்லாவா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச புள்ள பேரு சார் அது."

அவர் டீயை முழுசாகக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் லீக்கின் குழுவில் கமிஷனரின் அறிவிப்பு வந்தது. இனி எந்த ஆட்டக்காரரையும் அவருக்கு விளையாட்டு கொடுத்திருக்கும் வரிசையை விட்டு வேறு வரிசையில் பதிவு செய்யக்கூடாது. பின்வரிசைக்காரர் பின்வரிசையிலேயே பதிவாக வேண்டும். உடனடியாக அமலுக்கு வருகிறது.

லீக்கில் வரிசை மாறி ஆடிக்கொண்டிருந்தது ஒரே ஒருத்திதான். யாரும் வாய் திறக்கவில்லை. ராயப்பராஜ்தான் எல்லோருடைய வேலைக்கும் மதிப்பெண் போடுகிறவர். பக்கத்து சீட் ஷைனி மட்டும் யுவராணியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"விட்டுரு," என்றான் கிதர் முகம்மது. "வெறும் கேமு. இதுக்குப் போய் அந்த ஆளோட எதுக்கு மல்லுக்கு நிக்கிற?"

"வெறும் கேமுன்னா அவரு எதுக்கு ரூல மாத்துறாரு?"

"அவரு மாத்துவாரு. நம்ம மாத்த முடியுமா?"

"மாத்த வேணாம். என்ன எழுதிருக்காருன்னு நல்லாப் படிப்போம்."

சாயங்காலம் சின்னாளபட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யுவராணி போனில் அணியைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு வந்தாள். கருப்பாயி பழையபடி பின்வரிசைக்குப் போயிருந்தாள். நடு இடம் காலி. அந்த இடத்தில் நிறுத்த அவளிடம் இருந்த மற்றவன் திரும்புவதற்குள் எதிராளி தாண்டிப் போய்விடுவான். ராயப்பராஜிடம் இருந்த ஓட்டக்காரன் ரோடு ரோலர் மாதிரி. நடுவில் ஓட்டை விழுந்தால் அவனை யாராலும் நிறுத்த முடியாது.

அவள் ஒவ்வொரு தடுப்பு அமைப்பாகத் திறந்து பார்த்தாள். முன்னால் நாலு, நடுவில் மூன்று. முன்னால் மூன்று, நடுவில் நாலு. பிறகு, முன்னால் நாலு, நடுவில் இரண்டே இரண்டு, பின்வரிசையில் ஐந்து. எதிரணி பந்தை எறியத்தான் போகிறது என்று தெரிந்தால் எடுக்கிற அமைப்பு அது. ஓடி வருகிற அணிக்கு எதிராக அதை எடுப்பவனைப் பைத்தியம் என்பார்கள். யுவராணி அதைத் தொட்டுப் பெரிதாக்கினாள். பின்வரிசையின் ஐந்தாவது ஆள் பின்னால் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எவ்வளவு தூரம் முன்னே வரலாம் என்பது மேனேஜர் விருப்பம். விரலால் இழுத்தாள். கருப்பாயி இரண்டு லைன்பேக்கர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள். பெயருக்குப் பக்கத்தில் சேஃப்டி என்றே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிரெய்னிங் ரூமில் புரொஜக்டரைப் போட்டார்கள். டிபன் பாக்ஸோடு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு அணிகளும் வரிசையாக நின்ற படம் சுவரில் விழுந்ததும் ராயப்பராஜ் எழுந்தார்.

"இது செல்லாது. அந்த ஆளு லைன்பேக்கர் இடத்துல நிக்கிறான்."

யுவராணி போனை எடுத்து அவருடைய அறிவிப்பையே சத்தமாகப் படித்தாள். "பின்வரிசைக்காரர் பின்வரிசையிலேயே பதிவாக வேண்டும்." பிறகு நிமிர்ந்தாள். "பதிவாயிருக்கு சார். எங்க நிக்கணும்னு நீங்க எழுதல."

"அதோட அர்த்தம் அதான்."

"அர்த்தத்துக்கு ரூலு கிடையாது சார். நம்ம வேலையே அப்படித்தான. டாக்டர் எழுதுனதுக்குத்தான கோடு போடுறோம்? மனசுல நெனச்சதுக்குப் போடுறமா?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ராயப்பராஜ் உட்கார்ந்தார். "ஓடட்டும். நடுவுல ரெண்டே பேரு. நாசமாத்தான் போவ."

முதல் பாதியில் அவர் சொன்னது போலத்தான் நடந்தது. ரோடு ரோலர் உள்ளே புகுந்து புகுந்து வந்தான். யுவராணியின் முன்வரிசை நசுங்கியது. கருப்பாயி இரண்டு முறை எட்டிப் பிடித்தும் அவளையும் இழுத்துக்கொண்டே போய்விட்டான். பத்துக்குப் பூஜ்யம் என்று ராயப்பராஜின் அணி முன்னே நின்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

இடைவேளையில் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். கிதர் முகம்மது அவளிடம் குனிந்தான்.

"பழைய மாதிரி மூணு லைன்பேக்கரப் போட்டுரு. மானத்தோட தோக்கலாம்."

அவள் காதில் வாங்கவில்லை. முதல் பாதி முழுக்க அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, எதிரணியின் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் வரிசையின் ஓரத்தில் ஒரு தடியன் கூடுதலாக வந்து நின்றான். அவன் எந்தப் பக்கம் நின்றானோ, ஓட்டம் அந்தப் பக்கந்தான் போனது. கபடியில் மாதிரிதான், காலைப் பார்த்தால் திரும்புகிற திசை தெரியும். யுவராணி கருப்பாயியின் அமைப்பைத் திறந்தாள். நடுவில் நிற்காதே, அந்தத் தடியன் நிற்கிற பக்கம் நில். இன்னும் இரண்டு கெஜம் முன்னே வா. காத்திருக்காதே, பந்து கிளம்பியதும் பாய். அவ்வளவுதான் மாற்றினாள். தடியனை ஏமாற்றுக்காக நிறுத்தி மறுபக்கம் ஓடினாலோ, பந்தைத் தலைக்கு மேல் எறிந்தாலோ ஆட்டம் முடிந்தது. ராயப்பராஜ் எறிய மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. நடுவில் இரண்டே பேர் என்று எல்லோர் முன்னாலும் ஏளனம் செய்துவிட்ட மனுஷன், அந்த நடுவை முட்டித்தான் ஜெயிக்கப் பார்ப்பார்.

இரண்டாம் பாதியில் ரோடு ரோலர் கிளம்பிய இடத்திலேயே விழுந்தான். மறுபடியும் விழுந்தான். அவன் கைக்குப் பந்து வந்து சேர்வதற்கும் கருப்பாயி அவன் இடுப்பில் விழுவதற்கும் சரியாக இருந்தது. ஷைனி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். யுவராணியின் அணி பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இரண்டு முறை உதைப் புள்ளி எடுத்தது, கடைசிக் கால்வாசியில் ஒரு முறை கோட்டையும் தாண்டியது. பதின்மூன்றுக்குப் பத்து.

நேரம் முடியப்போகும்போது ராயப்பராஜின் அணி கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் வந்து நின்றது. நாலாவது வாய்ப்பு. உதைத்தால் சமன், ஓடித் தாண்டினால் வெற்றி. எதைச் செய்வது என்று விளையாட்டு மேனேஜரைக் கேட்டது. ராயப்பராஜ் திரும்பி யுவராணியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை. அவர் ஓட்டத்தை அழுத்தினார்.

தடியன் இடது பக்கம் வந்து நின்றான். கருப்பாயி அந்தப் பக்கம் நகர்ந்தாள். பந்து கிளம்பியது. சுவரில் ஆட்கள் எல்லாம் ஒரே குவியலாக மோதினார்கள். குவியல் கலைந்தபோது பந்து கோட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கமே கிடந்தது.

கை தட்டல் பெரிதாக ஒன்றும் இல்லை. ராயப்பராஜ் அங்கே இருந்தார். கதவுக்கு வெளியே போன பிறகுதான் கிதர் முகம்மது "ஏ புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அடுத்த வாரம் யுவராணியை மாடியில் இருக்கிற வேறு டீமுக்கு மாற்றினார்கள். இதய ஆபரேஷன் ஃபைல்கள். ஆபீஸில் எல்லோரும் பயப்படுகிற வேலை. ராயப்பராஜ் அவள் மேசைக்கே வந்து சொன்னார்.

"உன்னோட வளர்ச்சிக்குத்தான்மா."

"நீங்க கேம்ல தோத்ததுக்கா சார்?"

சுற்றிலும் கீபோர்டுச் சத்தம் நின்றுபோனது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்பச் சரி. இந்த மாசம் என் குவாலிட்டி மார்க் எவ்வளவுன்னு இவங்க முன்னாடி சொல்லிருங்க. போறேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஷைனிதான் சொன்னாள். "தொண்ணூத்தெட்டு. டீம்லயே அதான் ஜாஸ்தி."

யுவராணி பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

அமெரிக்காக்காரர்களோடு நடந்த போட்டியில் அவளுடைய அணி படுமோசமாகத் தோற்றது. அந்த ஊர் மேனேஜர் ஓடவே இல்லை. முன்னே வந்து நின்ற கருப்பாயியின் தலைக்கு மேலே ஆட்டம் முழுக்கப் பந்தை எறிந்துகொண்டே இருந்தான். அன்றைக்கு ராயப்பராஜ் வேலை மெனக்கெட்டு மாடிக்கு வந்தார்.

"நான்தான் சொன்னேன்ல, அந்த டிஃபென்ஸ் தாங்காதுன்னு."

"தாங்கல சார்," என்றாள் யுவராணி. "ஆனா தோத்தது என் டிஃபென்ஸ். நான் நிறுத்துன ஆளுங்க, நான் நிறுத்துன இடத்துலயே நின்னு தோத்தாங்க."

அவர் அவளுடைய ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். பிறகு, "பின்னாடி இன்னொரு ஆள் வேணும் உனக்கு. ஓடுற ஆளா," என்றார், வேறு யாரிடமோ பேசுவது போல.

"தெரியும் சார். தேடிட்டுத்தான் இருக்கேன்."

அவர் இறங்கிப் போனதும் அவள் வால்வு மாற்றிய ஒரு கிழவரின் ஃபைலைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.