வெர்னன் நிலத்துக்காக ஒரு ஓட்டு

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநில செனட்டில் பல வருடங்கள் டெல்மார் ஷாக்கின் பக்கத்து இருக்கை என்னுடையது. அவர் குடியரசுக் கட்சி, நான் ஜனநாயகக் கட்சி. வரி என்று யாராவது வாயெடுத்தாலே எதிர்த்து ஓட்டுப் போட்டுவிடுவார். பள்ளிக்கூடங்களுக்காக நான் கொண்டுவந்த மசோதாக்களில் பாதியைக் கவிழ்த்தவர் அவர்தான். கவிழ்த்த கையோடு, மனைவி சுட்டுக் கொடுத்த கேக்கை என் பக்கம் நகர்த்துவார்.

"சாப்பிடு ஆர்டித், இதுக்கு வரி கிடையாது."

அந்தக் குளிர்காலத்தில் அவர் கட்சியே ஒரு மசோதா கொண்டுவந்தது. சொந்தக்காரர் சம்மதிக்காவிட்டாலும் ஒரு கம்பெனி பண்ணை நிலங்களைத் தோண்டிக் குழாய் பதிக்கலாம் என்றது அது. டெல்மாரின் நிலத்தைக் குழாய் தொடவில்லை. வெர்னன் மாக்கின் கோதுமை வயலைத்தான் பிளந்துகொண்டு போவதாக இருந்தது. கட்சியின் செனட் வேட்பாளர் யாரென்று முடிவுசெய்யும் முந்தைய உட்கட்சித் தேர்தலில் டெல்மாரை எதிர்த்து நின்று, 'கம்பெனிக்காரனுக்கு விலைபோனவன்' என்று சர்ச் வாசலில்கூடத் தூற்றிய அதே வெர்னன்.

மசோதாவை எதிர்க்கப்போவதாக டெல்மார் சொல்லிவிட்டார். ஓட்டெடுப்பன்று காலையில் அவருடைய கட்சித் தலைவர் டாரின் எங்கள் மேஜைக்கு வந்தார்.

"உங்க நிலத்துல ஒரு பிடி மண்ணுகூடப் போகல. வெர்னனுக்காகவா மல்லுக்கட்டுறீங்க? அவன் பேசுனதெல்லாம் மறந்துபோச்சா?"

"மறக்கல. இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது," என்றார் டெல்மார். "அதுக்காக அவன் நிலம் அவனுது இல்லன்னு ஆயிடுமா? இதைச் சொல்லித்தானேப்பா நாம ஓட்டே கேட்டோம்."

"செனட்ல உங்க கமிட்டித் தலைவர் பதவி போயிடும்."

"எடுத்துக்கோ. அந்த நாற்காலியில உக்காந்தா முதுகுதான் வலிக்குது."

அவையில் சுருக்கமாகப் பேசினார். அரசாங்கம் வேலியைத் தாண்டக் கூடாதென்றால், அரசாங்கத்தின் முதுகில் ஏறிவரும் கம்பெனியும் தாண்டக் கூடாது என்றார். முதல்முறையாக இருவரும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டோம். மசோதா ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது.

பதவியைப் பறித்தார்கள். அடுத்த உட்கட்சித் தேர்தலில் வேறு ஆளை நிறுத்தி டெல்மாரைத் தோற்கடித்தார்கள். கடைசி நாள் தன் மேஜையைத் தானே துடைத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் கண் கலங்கியது.

அடுத்த ஜனவரியில் பனிப்புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் அவர் போன் செய்தார். பேச முடியாமல் சிரித்தார். காலையில் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாராம். வெர்னன் டிராக்டரில் வந்து, அவர் வீட்டுப் பாதையில் இடுப்பளவு கிடந்த பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தாராம்.

"காபி குடிக்க உள்ள வாடான்னு கூப்பிட்டேன், ஆர்டித். எஞ்சினைக்கூட நிறுத்தாம, 'நான் ஒண்ணும் உனக்கு ஓட்டுப் போடல, தெரிஞ்சுக்கோ'ன்னு கத்துறான்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது உன் உரிமைடா, காபி ஆறிப்போகும், எறங்குன்னேன். இதோ அடுப்படியிலதான் உக்காந்திருக்கான். என்னைத் திட்டிக்கிட்டே மூணாவது துண்டு கேக் சாப்பிடுறான்."